பார்த்தாச்சா?

எங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியில் படம் முடிவது ஒன்பது மணிக்கு. என் கடைசிப் பேருந்து ஒன்பது பத்துக்கு. நான் சினிமா ரசிகை ஆன கதையையும் ஆக முடியாமல் போன கதையையும் இந்தப் பத்து நிமிடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

1994-ல் அங்கே போக ஆரம்பித்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில், 16 எம்எம் புரொஜெக்டரில் படம் போடுவார்கள். புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தோ ஏதாவது தூதரகத்தின் பண்பாட்டு மையத்திலிருந்தோ ரீல் பெட்டி வரும். ரீல் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். முப்பது பேர் இருந்தால் அதில் இருபத்தெட்டு பேர் ஆண்கள். நானும், எப்போதாவது வரும் ஒரு கல்லூரி ஆசிரியையும்தான் மீதி.

படத்தைப் பற்றிய பேச்சு மாடியில் நடக்காது. எதிரே இருந்த டீக்கடையில் நடக்கும். உண்மையான சங்கம் அந்தக் கடைதான் என்பது எனக்குப் புரியவே ஓராண்டு ஆயிற்று. எந்தப் படம் நல்ல படம், எந்த இயக்குநரின் எந்தப் படத்தை யாருமே கவனிக்கவில்லை, எதன் கேசட் யாரிடம் இருக்கிறது எல்லாம் அங்கேதான் முடிவாகும். பதினொரு மணி வரை நிற்பார்கள். நான் படத்தை அப்படியே தலையில் சுமந்துகொண்டு பேருந்துக்கு ஓடுவேன். வீட்டுக்குப் போனால் அம்மா "சாப்பிட்டியா?" என்பார். அவரிடம் போய் பெர்க்மனைப் பற்றி என்ன பேசுவது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த மாதம் போனால் பேச்சு டீக்கடையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். "பார்த்தாச்சா?" என்பார்கள். அது கேள்வி அல்ல, பரீட்சை. பார்க்கவில்லை என்றால், "அதைப் பார்க்காம என்னங்க சினிமா பேசுறது?" பார்த்துவிட்டேன் என்றால், "எத்தனை தடவை?" பார்க்காத படத்தைப் பார்த்ததாகத் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை அப்படித் தலையாட்டி, கடைசிக் காட்சியைப் பற்றிக் கருத்து கேட்கப்பட்டு, "எனக்கு அது கொஞ்சம் அவசரமா முடிஞ்ச மாதிரி இருந்தது" என்று சொல்லித் தப்பித்தேன். எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற பதில் அது. இன்றைக்கும் யாராவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த டீக்கடைப் பட்டியலில் பெண் இயக்குநர் ஒருவர்கூட இல்லை. யாரும் திட்டமிட்டு விலக்கவில்லை, யாருக்கும் நினைவே வரவில்லை. எனக்கும் பத்து வருடம் உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

*

சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு நாள் வீடியோ கேசட் ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். 'அவள் அப்படித்தான்'. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் முதல் படம். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு, அன்றைக்கு ஓடாமல், பிறகு கைக்குக் கை மாறி வளர்ந்த படம். தமிழில் கல்ட் படம் என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்வார்கள். கேசட்டைக் கொடுத்தவர் சொன்னார்: "பாருங்க. மஞ்சு நீங்கதான்."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விருது வாங்கியதுபோல இருந்தது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து, டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படம் என்னை உலுக்கியது. அதில் பொய்யில்லை. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. மஞ்சுவை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த அருண் அக்கறையோடு பார்க்கிறான். விளம்பரக் கம்பெனி முதலாளி தியாகு வேறு மாதிரிப் பார்க்கிறான். அவள் பேசப் பேச அருண் அவளைப் புரிந்துகொள்ள முயல்கிறான், கடைசியில் வேறொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு காரில் போய்விடுகிறான். மஞ்சு தெருவில் நிற்கிறாள்.

படத்துக்கு இது தெரியும். அருணின் அக்கறைக்கு எல்லை எங்கே என்று காட்டத்தான் அது எடுக்கப்பட்டிருக்கிறது. படம் அருணைச் சந்தேகிக்கிறது. அதைக் கொண்டாடியவர்கள் அருணைச் சந்தேகிக்கவில்லை. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களில் யார் மஞ்சு என்று தேடினார்கள். "மஞ்சு நீங்கதான்" என்றால் பாராட்டா, தெருவில் நிற்கப்போகிறவள் நீ என்ற தகவலா? கேட்டவருக்கே யோசனை இருந்திருக்காது. பிறகு பல ஊர்களில் பல பெண்களிடம் விசாரித்திருக்கிறேன். அவர்களில் நிறையப் பேருக்கு யாரோ ஒரு தோழர் இதே படத்தை இதே வாக்கியத்தோடு கொடுத்திருக்கிறார்.

நான் இன்றும் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கிறேன். அந்த வாக்கியத்தை மட்டும் சேர்ப்பதில்லை.

*

இனி அம்மா.

2006-லோ 2007-லோ, அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்னார், "அந்தக் கன்னடப் படத்துல அந்தப் பாட்டி கடைசியில ஒரு பிள்ளைக்காகப் பேசுவா பாரு, அதுக்கப்புறம் அப்படி ஒரு படம் நான் பார்க்கல."

எந்தக் கன்னடப் படம்? சின்ன வயதில் விதவையானவள், தலையை மழித்துவிடுகிறார்கள், ஒரு வேளைச் சாப்பாடு, வீட்டு வேலை, பிரசவம் பார்ப்பது, எல்லாருக்கும் செய்து செய்தே கிழவியாகிறாள். பிறகு அதே வீட்டு வட்டாரத்தில் இன்னொரு இளம் விதவை தலையை மழிக்க மாட்டேன் என்கிறபோது, வாயே திறக்காத இந்தக் கிழவி அவள் பக்கம் நிற்கிறாள். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. 'பணியம்மா'. எம்.கே. இந்திராவின் நாவலை பிரேமா காரந்த் 1983-ல் படமாக்கினார். பெயரை மட்டும் படித்திருந்தேன். பிரிண்ட் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். என் அம்மா அதை எண்பதுகளிலேயே பார்த்திருக்கிறார்.

எப்படி என்றால், தூர்தர்ஷனில். தேசிய விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆங்கில சப்டைட்டிலோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வீட்டு ஆண்கள் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கும் நேரம். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, கன்னடமும் தெரியாது. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். மலையாளப் படம், வங்காளப் படம், ஒரியாப் படம், அசாமியப் படம். பெயர் தெரியாது, இயக்குநர் தெரியாது. முகமும் சம்பவமும் மட்டும் அப்படியே மனதில் நிற்கும். "ஏன்ம்மா இத்தனை நாளா சொல்லல?" என்றேன். "நீ எங்கடி கேட்ட?" என்றார்.

எங்கள் டீக்கடைக்காரர்களில் பாதிப் பேரைவிட அம்மா கூடுதலாகப் பார்த்திருந்தார். தலைமழித்த அத்தைப்பாட்டி ஒருத்தியோடு வளர்ந்தவர் என்பதால், அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் சொல்ல இருந்ததும் வேறு யாரிடமும் இருந்திருக்காது. நான் மாடிப்படி ஏறி, பேருந்து பிடித்து, பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படியில் இருந்தார்.

*

'ழான் தீல்மன்' எனக்குக் கிடைத்தது 2010 வாக்கில், ஒரு நண்பர் டெல்லியிலிருந்து கொண்டுவந்த டிவிடியில். பெல்ஜியத்தைச் சேர்ந்த சந்தால் அக்கர்மன் 1975-ல் எடுத்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. படப்பிடிப்புக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். படத்தின் முழுப் பெயரிலேயே கதாநாயகியின் வீட்டு முகவரி, கதவிலக்கத்தோடு இருக்கிறது. ஓடும் நேரம் 201 நிமிடம்.

அந்த 201 நிமிடத்துக்கு நான் எங்கே போவேன்? அப்போது மகளுக்கு ஏழு வயது, மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. படத்தை நான்கு இரவுகளில், லேப்டாப்பை அரிசி டப்பாவின் மேல் வைத்து, மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். 'உலக சினிமாவை அப்படியா பார்ப்பது?' என்று எங்கள் சங்கத்தில் கேட்டிருப்பார்கள். இருட்டில், இடைவெளியில்லாமல், முழுமையாகப் பார்க்க வேண்டும். சரிதான். ஆனால் இந்தப் படத்தில் ஒரு பெண், கணவனை இழந்தவள், மகனுக்காக உருளைக்கிழங்கு உரிக்கிறாள். வெட்டி எடுக்காமல், நகராத கேமராவில், முழுதாக உரிக்கிறாள். எதிரே நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். யாரை யார் பார்க்கிறோம் என்றே தெரியவில்லை.

மூன்று நாட்களின் கதை அது. முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது: சமையல், கடை, கட்டில் விரிப்பு, மதியத்தில் வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகும் ஆண், அந்தப் பணத்தைப் போட்டு வைக்கும் பீங்கான் பாத்திரம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. அந்தக் குழைந்த கிழங்குப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் நடக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நடித்தவர் டெல்ஃபின் செய்ரிக். முகத்தில் எதுவுமே காட்டமாட்டார். குழைந்தால் என்ன, வேறு வேக வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு ஆண் நண்பர் பிறகு என்னிடம் கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். மூன்றாம் நாள் நடப்பதை இங்கே சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் பாருங்கள், நாலு தவணையில் பார்த்தாலும் குற்றமில்லை.

2022 டிசம்பரில் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் உலகின் சிறந்த படங்களின் வாக்கெடுப்பில் இதை முதலிடத்தில் வைத்தது. 1952-லிருந்து நடக்கும் வாக்கெடுப்பில் ஒரு பெண் எடுத்த படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. அக்கர்மன் பார்க்க உயிரோடு இல்லை, 2015-லேயே போய்விட்டார். நான் இருக்கும் வாட்ஸப் குழுவில் அன்றிரவு ஒரே அமளி. "இதெல்லாம் பெண்ணியவாதிகள் ஓட்டு" என்றார் ஒருவர். "உருளைக்கிழங்கு உரிக்கிற படம்" என்றார் இன்னொருவர். பார்த்தாச்சா என்று கேட்டேன். இருவருமே பார்க்கவில்லை. கேட்டபோது கொஞ்சம் இனித்தது என்பதை மறைக்கவில்லை.

*

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பத்து வருடம் முன்பே நான் அந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதியதற்கெல்லாம் மதிப்பில்லை.

என் அலுவலகத்தில் என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா ஒருவர் இருந்தார். சினிமாவில் ஆர்வம் உள்ளவர். நான் கொடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வதுபோலச் சொல்லுவார், அவர் சொல்லக் கேட்டால் படம் இன்னும் நன்றாகிவிடும். அவருடைய வாழ்க்கை எனக்குத் தெரியும். கணவனை விட்டு வந்தபோது ஆறு வயது மகனை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒருமுறைதான் பேசியிருக்கிறார். நான் மறக்கவில்லை.

2012-ல் 'வாண்டா' என்கிற படம் என் கைக்கு வந்தது. பார்பரா லோடன் எழுதி, இயக்கி, நடித்த படம், 1970. அவர் எடுத்த ஒரே முழுநீளப் படம். பத்தாண்டு கழித்து, நாற்பத்தெட்டு வயதில் புற்றுநோயில் இறந்துபோனார். பெரிய இயக்குநரான எலியா கசானின் மனைவி என்றுதான் அதுவரை அவரைப் பலருக்கும் தெரியும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து, 16 எம்எம்மில், பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் எடுத்தார். வங்கிக் கொள்ளைக்குத் துணைபோன ஒரு பெண், தனக்குத் தண்டனை கொடுத்த நீதிபதிக்கு நன்றி சொன்னாள் என்று செய்தித்தாளில் படித்ததுதான் கதையின் விதை. வெனிஸில் பரிசு கிடைத்தது, அமெரிக்காவில் யாரும் சீந்தவில்லை. பிறகு நீண்ட காலம் காணாமல்போய், தேடித் தேடிப் பார்த்தவர்களால் பிழைத்து, 2010-ல் சீரமைக்கப்பட்டு மீண்டும் வந்தது. ரசிகர்கள் காப்பாற்றிய படம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படத்தின் தொடக்கத்தில் வாண்டா நீதிமன்றத்துக்குத் தாமதமாக வருகிறாள். தலையில் சுருள் சுற்றிய கிளிப்புகள். விவாகரத்து வழக்கு. குழந்தைகள் அவரிடமே நன்றாக இருப்பார்கள் என்று நீதிபதியிடம் சொல்லிவிடுகிறாள். எதிர்ப்பில்லை, அழுகையில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தவுடனே எனக்கு அக்கா நினைவு. மறுநாளே பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். கொடுக்கும்போது என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, இது உங்களுக்கான படம்."

மூன்று நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பென் டிரைவை வைத்தார்.

"என்னைப் பத்தி நீ இப்படித்தான் நினைச்சிட்டு இருக்கியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எவ்வளவு முக்கியமான படம் என்று ஆரம்பித்தேன். தாய்மை என்று சமூகம் கட்டி வைத்திருக்கும் பிம்பத்தை அது எப்படி உடைக்கிறது என்றெல்லாம். உண்மையிலேயே இப்படித்தான் பேசினேன்.

"அவ அந்தப் பிள்ளைங்கள சரியா திரும்பிக்கூடப் பார்க்கல. நான் மூணு வருஷம் அவன் ஸ்கூல் கேட்டுல போய் நின்னேன், தெரியுமா உனக்கு? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பெர்மிஷன் போட்டுட்டு. ஒரு நாள் அவனே வந்து, இனிமே வராதம்மா, பசங்க கேக்குறாங்கன்னான்." டிபன் பாக்ஸை மூடினார். "உனக்கு இது படம்."

அதன் பிறகு என்னோடு சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். அலுவலக விஷயம் மட்டும் பேசுவார். இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

"மஞ்சு நீங்கதான்" என்றவரைப் பற்றி எத்தனை கூட்டத்தில் கிண்டலாகப் பேசியிருக்கிறேன். நான் சொன்னது அதிலிருந்து எந்த விதத்தில் வேறு? அவர் என்னை ஒரு பாத்திரமாகப் பார்த்தார், நான் அக்காவை ஒரு பாத்திரமாகப் பார்த்தேன். அவருக்காவது என் வாழ்க்கை தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்ததைத்தான் எடுத்து நீட்டினேன். இதில் பெண்ணியப் படம் என்பது என்னைக் காப்பாற்றாது. அரிய படம் ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை என் கையில் சூடாக இருந்தது, யார் மடியிலாவது போட வேண்டும் என்று அலைந்தேன். அக்காவின் மடி அகப்பட்டது.

அந்த வருடமே 'வீடு கறுப்பு' பார்த்தேன். ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரூக்ஸாத் 1962-ல், தப்ரீஸ் அருகே தொழுநோயாளிகள் குடியிருப்பில் எடுத்த சிறு ஆவணப்படம். இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். விவாகரத்தில் தன் மகனைப் பறிகொடுத்தவர் ஃபரூக்ஸாத். அந்தக் குடியிருப்பில் இருந்த ஒரு சிறுவனைப் படப்பிடிப்பு முடிந்ததும் தன் வீட்டுக்கு அழைத்துவந்து மகனாக வளர்த்தார். அக்காவுக்கு இதை அனுப்பினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. விரல் பட்டனுக்குப் பக்கம் வரை போனது. அனுப்பவில்லை. அக்காவுக்கு வேறெந்தப் படத்தையும் 'சரிசெய்வதற்காக' அனுப்பக்கூடாது என்று அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது.

*

ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை வீட்டின் முன்னறையில் ஐந்து வருடமாக நாங்கள் சனிக்கிழமை மதியங்களில் படம் பார்க்கிறோம். ஏழெட்டுப் பெண்கள். மதியப் பாத்திரம் கழுவியதற்கும் மாலை பால் வாங்குவதற்கும் நடுவே இரண்டரை மணிநேரம் இருக்கிறது. அதற்குள் முடிய வேண்டும். ஒரு படத்தைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" முன்பெல்லாம் இப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது நானே முதலில் நேரத்தைத்தான் சொல்கிறேன்.

அன்யெஸ் வர்தாவின் 'ஐந்திலிருந்து ஏழு வரை க்ளியோ' (1962) தொண்ணூறு நிமிடம், அளவாகப் பொருந்தியது. மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பாடகி ஒருத்தி பாரிஸ் தெருக்களில் சுற்றுகிறாள். தலைப்பில் ஏழு மணி என்றாலும் படம் ஆறரைக்கே முடிந்துவிடும். "மிச்ச அரை மணி நேரத்தை அவளுக்கே குடுத்துட்டாங்க போல" என்றார் எங்களில் ஒருவர், தையல் கடை வைத்திருப்பவர். நான் படித்த எந்த விமர்சனத்திலும் இது இல்லை.

நான் உயிராக நினைக்கும் 'டெய்சிஸ்' எடுபடவில்லை. வெரா ஹிதிலோவா 1966-ல் செக்கோஸ்லோவாகியாவில் எடுத்தது. இரண்டு இளம்பெண்கள் உலகமே கெட்டுவிட்டது, நாமும் கெடுவோம் என்று கிளம்பி, கடைசியில் ஒரு பெரிய விருந்தையே மிதித்துத் துவைக்கிறார்கள். "சோத்த மிதிக்கிறாளுங்களே!" என்று ஒருவர் எழுந்தே விட்டார். வேடிக்கை என்னவென்றால், செக் நாடாளுமன்றத்திலும் ஓர் உறுப்பினர் உணவை வீணடித்ததாக இதே குற்றச்சாட்டைத்தான் சொன்னார். அப்படிக் கோபப்படுபவர்களைக் குத்தும் சமர்ப்பணத்தோடுதான் படமே முடிகிறது. இதையெல்லாம் எடுத்துச்சொல்ல வாய் துறுதுறுத்தது. எழுந்து நின்றவர் மூன்று நாள் பட்டினியெல்லாம் பார்த்து வளர்ந்தவர். அந்தச் செக் உறுப்பினரின் கோபமும் இவருடைய கோபமும் ஒன்றல்ல. வாயை மூடிக்கொண்டேன்.

பார்க்கவே முடியாத படத்தையும் பரிந்துரைப்பேன். டி.பி. ராஜலட்சுமி தன் நாவலைத் தானே இயக்கிய 'மிஸ் கமலா', 1936. தமிழில் பெண் இயக்கிய முதல் படம். பிரிதி எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் பட்டியலில் அதற்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கியிருக்கிறோம். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து டீ குடிப்பதாகத் திட்டம்.

சென்ற ஆண்டு பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) போட்டோம். வேலைக்குப் போகும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். தெரிந்த படம்தானே என்று தயங்கினேன். அன்றைக்குப்போல என்றைக்கும் பேசியதில்லை. பிளான் அப்ரூவலுக்கு யார் எவ்வளவு அழுதார்கள், கடனுக்குக் கணவன் கையெழுத்து கேட்டது, கட்டட வேலைக்கு வரும் மங்கம்மா ஒப்பந்தக்காரன் சிமென்ட் திருடுவதைச் சுதாவிடம் போட்டு உடைக்கும் இடம். வேலையே போகும் என்று தெரிந்தும் அவள்தான் சொல்கிறாள். அன்றைக்கு ஒருத்தர் வீட்டிலும் பால் வாங்கவில்லை.

அன்று எங்கள் ஆசிரியை புதிதாக ஒருவரை அழைத்து வந்திருந்தார். அக்கா. தலை நன்றாக நரைத்துவிட்டது. அவருக்கும் நான் அங்கே இருப்பது தெரியாது. கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். பேச்சிலும் கலந்துகொண்டார். சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வரும் காட்சியை, பழையபடி, கதைபோலச் சொன்னார். எல்லோரும் வாய் பார்த்தோம்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அந்த அமெரிக்காக்காரி படம் இன்னும் வச்சிருக்கியா? அன்னைக்கு நான் கோர்ட்டு சீனோட நிறுத்திட்டேன்."

இருக்கிறது என்றேன். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடும் என்பதைத் தவிர. பைக்குள் போட்டுக்கொண்டார்.

எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு பல சனிக்கிழமைகள் வந்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் முறுக்கைப் பிட்டுத் தின்றிருக்கிறார். பார்த்தாச்சா என்று நான் கேட்கவில்லை. பென் டிரைவ் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.